முடிவுக்குறி நிலுவையில் உள்ளது

எங்கள் துறையில் எதையும் அழிப்பதில்லை. இதைச் சொல்லும்போது எங்கள் இயக்குநர் வலது கையை நெஞ்சில் வைத்துக்கொள்வார். நாற்காலி உடைந்தால் அதை வராந்தாவில் சேர்த்து வைப்போம். வராந்தா நிறைந்துவிட்டால் இன்னொரு வராந்தா கட்ட ஆணை போடுவோம். நான் அங்கே புரோகிராம் எழுதும் வேலைக்குச் சேர்ந்த அன்று, கணினிக்குள்ளும் இதே ஒழுங்குதான் என்றார்கள். ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார்கள் என்று நானும் தலையாட்டிவைத்தேன்.

துறை என்றால் குடிநீர் வழங்கும் துறை. எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் விடுவது, எந்தப் புகாரை எந்தக் கவுன்ட்டர் பார்ப்பது, வால்வுக்காரர் எந்த வால்வைத் திறப்பது என்று சகலமும் ஒரே பெரிய புரோகிராமில் இருந்தது. அதை எழுதியவர் எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர். மூளைக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் வேலையை விட்டுப் போகிற அவசரத்தில் ஒரு சோதனைப் பகுதியை எடுக்காமல் போய்விட்டார். டோக்கன் மெஷின் எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதற்காக எழுதியது அது. ஒரு கற்பனை மனுதாரரை மூன்றாம் கவுன்ட்டருக்கு அனுப்பும். அங்கிருந்து நாலாவதுக்கு. நாலாவதிலிருந்து திரும்ப மூன்றாவதுக்கு. நிறுத்தச் சொல்லிச் சமிக்ஞை வரும்வரை இப்படியே போய்க்கொண்டிருக்கும்.

அவ்வப்போது நிஜ மனுதாரர் யாராவது அதற்குள் மாட்டிக்கொள்வார். அப்படி மாட்டிய ஒரு தையல்காரர், தனக்குக் கிடைத்த டோக்கன் சீட்டுகளை எல்லாம் நூலில் கோத்து மாலையாக்கி, நேரே மேலே போய் இயக்குநர் கழுத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டார். இயக்குநர் அதைப் பாராட்டு என்று நினைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். போட்டோ சுவரில் மாட்டப்பட்ட பிறகுதான் யாரோ விஷயத்தை எடுத்துச் சொன்னார்கள். போட்டோவை அழிக்க முடியாதல்லவா, அதனால் என்னைக் கூப்பிட்டார்கள்.

"ஒண்ணும் பெரிய வேலை இல்ல சார். அந்தச் சோதனைப் பகுதிய அழிச்சிட்டா போதும்" என்றேன்.

இயக்குநரின் கை மெல்ல நெஞ்சுக்குப் போனது.

"தம்பி, ஒருத்தர் ராப்பகலா உக்காந்து எழுதினது அது. இன்னிக்கு அவர் எழுதினத அழிப்பீங்க. நாளைக்கு நான் போட்ட ஆணைய அழிப்பீங்க. அப்புறம் நான் ஒருத்தன் இங்க இருந்தேங்கறதுக்கு என்ன அத்தாட்சி? வேற வழி பாருங்க."

வேறு வழி இருக்கத்தான் செய்தது. நாங்கள் பயன்படுத்தும் கணினி மொழியில் ஒரு வசதி உண்டு. புரோகிராமுக்கு நடுவிலேயே மனிதர்கள் படிப்பதற்கான விளக்கத்தையும் எழுதிவைக்கலாம். வரியின் ஆரம்பத்தில் ஒரு சமக்குறி போட்டு அதையொட்டி ஒரு சொல்லைத் தட்டினால் அது தொடக்கக்குறி. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் விளக்கம், நமக்கில்லை என்று கணினி தாண்டிப் போய்விடும். இன்னொரு சமக்குறியோடு முடிவுக்குறி வந்தால்தான் மறுபடி வேலையைத் தொடங்கும். ஆகாத பகுதிக்கு மேலே தொடக்கக்குறி, கீழே முடிவுக்குறி போட்டுவிட்டால், அழிக்காமலே அதை அடக்கிவிடலாம். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற தந்திரம்.

இயக்குநருக்கு மிகவும் பிடித்துவிட்டது. "அதாவது, இருக்கும் ஆனா வேலை செய்யாது. பேஷ். நம்ம துறைக்குன்னே கண்டுபிடிச்ச மாதிரி இருக்கே" என்றார். தொடக்கக்குறிக்கு அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

"முடிவுக்குறிக்கும் போட்டுடுங்க சார்."

"அதுக்கு நான் போட முடியாது. முடிவுக் குழுவுக்குப் போகணும்."

எனக்குப் புரியவில்லை. பொறுமையாக விளக்கினார். "எதையும் தொடங்கி வைக்க ஒரு அதிகாரி போதும். ரிப்பன் இருக்கு, கத்தரிக்கோல் இருக்கு, வெட்டிடலாம். முடிக்கறதுன்னா அப்படியா? முடிச்சிட்டா அது நல்லா இருக்கா இல்லையான்னு நாலு பேர் கேப்பான். நான் பதவிக்கு வந்து எத்தனையோ திட்டத்தத் தொடங்கி வச்சிருக்கேன். ஒண்ணாவது தோத்திருக்கா? தோக்கல. ஏன்னா ஒண்ணுகூட முடியல."

"சார், ரெண்டு குறியும் ஜோடி. ஒண்ண மட்டும் போட்டா கீழ இருக்கற மொத்த புரோகிராமும் விளக்கமாயிடும்."

"ஆகட்டுமே. விளக்கம் கூடினா கெட்டதா?"

முடிவுக் குழுவின் அறைக்குப் போய்ப் பார்த்தேன். தலைவர் இயக்குநரேதான், ஆனால் அந்த அறையில் தலைவராக மட்டும் உட்காருவார். மற்ற உறுப்பினர்கள் மேஜையைச் சுற்றி இருந்தார்கள். குழு அமைத்த அன்று தொடங்கிய முதல் கூட்டமே இன்னும் நடந்துகொண்டிருந்தது. கூட்டத்தை முடித்துக்கொள்ள முடிவுக் குழுவின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதலை அடுத்த கூட்டத்தில்தான் தர முடியும். இது முடியாமல் அடுத்தது கூடாது. ஒருவர் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். அதையும் முடிக்கத் தயங்கியோ என்னவோ, அதன் ஒரு கை அவர் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. என் விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

தொடக்கக்குறியை உடனே போடச் சொல்லி எழுத்தில் ஆணை வந்தது. போட்டேன். சோதனைப் பகுதியோடு, அதற்குக் கீழே இருந்த புகார், தெரு, வால்வு, எல்லாமே விளக்கமாகப் போய்விட்டன. கணினி ஒரு வேலையும் செய்யவில்லை. வேலை செய்யாததால் பிழையும் வரவில்லை. பிழை எண்ணிக்கை காட்டும் பலகையில் முதல்முறையாகச் சுழியம் வந்தது. இயக்குநர் அதன் கீழே நின்று இன்னொரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

இத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. எங்கள் துறையில் விளக்கப் பிரிவு என்று ஒன்று உண்டு. புரோகிராமில் விளக்கம் என்று குறித்திருப்பதை மட்டும் தினமும் பிரித்தெடுத்து, தமிழாக்கி, அச்சிட்டு, ஊழியர் கையேடாக மேஜைக்கு மேஜை வைப்பது அவர்கள் வேலை. இத்தனை காலமும் கையேட்டில் "இது நன்கு இயங்கும்" என்ற ஒரே வரிதான் இருந்தது. அந்த ஒரு வரியை அவர்கள் நாள்தோறும் அச்சிட்டு, மெய்ப்புப் பார்த்து, விநியோகித்து வந்தார்கள். இப்போது மொத்த புரோகிராமும் அவர்கள் கையில் கிடைத்தது. விளக்க அதிகாரி ஓர் அம்மையார். என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர்.

"வந்த நாளா காத்துக்கிட்டிருந்தேன் தம்பி. நல்லா இருப்பீங்க" என்றார்.

மறுநாள் காலையில் ஒவ்வொரு மேஜையிலும் தலையணை தடிமனில் ஒரு கையேடு இருந்தது. கையேட்டில் இருப்பதை ஊழியர் வரி பிசகாமல் செய்ய வேண்டும் என்பது துறையின் விதி. கணினி செய்ய மறந்த அத்தனையையும் மனிதர்கள் செய்ய ஆரம்பித்தார்கள்.

முதல் கவுன்ட்டர்காரர் வந்தவர்களை எல்லாம் "நீங்க காலியா இருக்கீங்களா?" என்று கேட்டார். மனுதாரர் பெயர் நிரப்பாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லும் வரி, "மனுதாரர் காலியாக இருப்பின் திருப்பி அனுப்புக" என்று அச்சாகியிருந்தது. காலையில் சாப்பிடாமல் வந்த ஒருவர் ஆமாம் என்று சொல்லித் திரும்பிப் போனார். கணினியைச் சற்றுப் பொறுத்திருக்கச் சொல்ல எங்கள் கணினி மொழியில் "தூங்கு" என்று எழுதுவோம். அதையும் அப்படியே ஆக்கியிருந்தார்கள். இரண்டாம் கவுன்ட்டர் அம்மா ஒவ்வொரு மனுவுக்கும் நடுவில் மேஜைமேல் தலை சாய்த்துத் தூங்கி எழுந்தார். வேலையில் இவ்வளவு அக்கறை அவரிடம் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

பாவம், ஆவண அறைக்காரர்தான். கோப்பைத் திறக்க முடியாவிட்டால் புரோகிராம் நின்றுவிட வேண்டும் என்பதற்கு எழுதும் சொல் கொஞ்சம் கடுமையானது. "கோப்பறை திறவாவிடில் உயிர் துறக்க" என்று அச்சாகியிருந்தது. அவருடைய அலமாரியோ மழைக்காலத்தில் இறுகிக்கொள்ளும் ரகம். வெளுத்த முகத்தோடு என்னிடம் வந்தார்.

"தம்பி, இது நிரந்தர ஊழியருக்கு மட்டுமா, தற்காலிகத்துக்கும் உண்டா?"

"அண்ணே, நீங்க அலமாரிய மூடாமலே வச்சிருங்க" என்றேன். அவர் அலமாரிக் கதவுகளைக் கழற்றி வராந்தாவில் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் மூச்சு விட்டார்.

இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது, எங்கள் வீட்டுக் குழாய் நிற்கும்வரை.

என் மனைவி வீட்டுக்குப் பின்னால் சலவைக்கடை வைத்திருக்கிறாள். ஒரு தங்கும் விடுதியின் படுக்கை விரிப்பெல்லாம் அவளிடம்தான் வரும். வால்வுக்காரருக்குப் போக வேண்டிய ஆணை கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இருந்தது. ஊழியர்கள் வரிசையாகச் செய்துகொண்டு வந்ததில் இன்னும் அந்தப் பக்கத்தை எட்டவில்லை. குழாயில் காற்றுதான் வந்தது. விரிப்புகள் மலைபோல் குவிந்தன. விடுதி மேலாளர் வந்து பார்த்துவிட்டு, வார இறுதிக்குள் துவைத்துக் கொடுக்காவிட்டால் வேறு ஆள் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"தண்ணி ஆபீஸ்ல வேலை பாக்கற புருஷன கட்டிக்கிட்டு நான் வாளியத் தூக்கிட்டு அலையறேன்" என்றாள்.

"முடிவுக்குறி வரணும்மா."

"எனக்குக் குறியெல்லாம் வேண்டாம். தண்ணி வரணும். நாளைக்கு அப்பா போய்ப் புகார் குடுக்கறேன்னு கிளம்பிட்டாரு."

மாமனார் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றும் சட்டைப்பையில் விசில் இல்லாமல் வெளியே கிளம்பமாட்டார். தொடங்கிய ஓட்டத்தைப் பாதியில் விடுகிற ஜென்மம் இல்லை. அப்படிப்பட்டவரை எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கெஞ்சிப் பார்த்தேன். கேட்கவில்லை.

காலையில் மூன்றாம் கவுன்ட்டருக்குப் போனார். கையேட்டின் முதல் பக்கம் அந்தச் சோதனைப் பகுதிதானே. நாலாம் கவுன்ட்டருக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து மூன்றாவதுக்கு. மாலையில் அலுவலகம் மூடியதும் டோக்கனோடு வீட்டுக்கு வந்தார். மறுநாள் காலையில் விட்ட இடத்தில் தொடர்ந்தார். அவரைப் போல ஒரு கூட்டமே அங்கே சுற்றிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு பக்கம் இடித்துக்கொண்டு நடப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. எல்லோரையும் உயரவாரியாக நிறுத்தினார். இடது வலது சொல்லிக் கொடுத்தார். நான் எட்டிப் பார்த்தபோது இரண்டு கவுன்ட்டருக்கும் நடுவில் ஓர் அணிவகுப்பே போய்க்கொண்டிருந்தது. தையல்காரரும் அதில் இருந்தார், மறுபடி.

"மாமா, இது முடியவே முடியாது. இதுக்கு முடிவே எழுதல" என்றேன்.

"நீங்க போங்க மாப்பிள்ளை. மூச்ச வீணாக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே என்னைக் கடந்து போனார்.

இயக்குநர் மாடியிலிருந்து அணிவகுப்பைப் பார்த்துக் கையசைத்தார். "மக்களும் துறையும் ஒரே நடையில" என்று அன்றே ஒரு சுற்றறிக்கை வந்தது.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது வாசல் கதவு தாழிட்டிருந்தது. ஜன்னல் வழியாக மனைவி பேசினாள்.

"அப்பாவுக்குக் கால் வீங்கியிருக்கு. விடுதிக்காரர் ரெண்டு தடவ போன் பண்ணிட்டாரு. நாளைக்குத் தண்ணியும் வரணும், அப்பாவும் அந்தப் புகார முடிச்சிட்டு உங்களோட வரணும். இல்லன்னா உங்க குழுவோடயே போய் உக்காந்துக்குங்க."

ஸ்வெட்டர் பின்னுகிறவர் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பார்த்தேன். மறுநாள் எல்லோரும் டீ குடிக்கப் போன நேரத்தில் கணினியைத் திறந்தேன். சோதனைப் பகுதி முடிகிற இடத்துக்குப் போனேன். ஒரு சமக்குறி, ஒரு சொல். அனுமதியில்லாமல் ஒரு வேலையை முடித்துவிட்டேன். எங்கள் துறையின் வரலாற்றில் அப்படி ஒருவர் செய்தது அதுவே முதல் தடவை என்று பிற்பாடு சொன்னார்கள்.

கணினி விழித்துக்கொண்டது. சேர்ந்து கிடந்த ஆணைகள் வால்வுக்காரருக்குப் போயின. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினார். கொஞ்ச நேரத்தில் மனைவி போன் செய்தாள். பின்னால் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"தண்ணி சரி. அப்பா எங்க?" என்றாள்.

கீழே ஓடினேன். விளக்கப் பிரிவும் அதற்குள் புதுக் கையேட்டைப் பிரித்தெடுத்து மேஜை மேஜையாக வைத்துக்கொண்டிருந்தது. அம்மையார் அழுதுகொண்டே வைத்தார். ஒரே ஒரு தாள். இரண்டு குறிகளுக்கும் நடுவே மீதி இருந்தது அந்தச் சோதனைப் பகுதி மட்டும்தானே. மூன்றிலிருந்து நாலு, நாலிலிருந்து மூன்று, சமிக்ஞை வரும்வரை. கணினி அதை விட்டுவிட்டது. மனிதர்கள் விடவில்லை. இப்போது அவர்களுக்கு வேறு வேலையும் இல்லாததால் முன்னைவிட வேகமாக அனுப்பினார்கள். அணிவகுப்பு ஓட்டமாகியிருந்தது.

"மாமா, வீட்டுல தண்ணி வந்தாச்சு. புகாரே இல்ல. வாங்க போகலாம்."

"ஓட்டம் முடியட்டும் மாப்பிள்ளை."

மூன்றாம் கவுன்ட்டர்காரரைப் பிடித்தேன். "சமிக்ஞைன்னா என்ன சமிக்ஞை?"

"யாருக்குத் தெரியும்? வந்தா தெரிஞ்சுக்குவோம். இதுவரைக்கும் வரல" என்று அடுத்தவரை நாலாவதுக்கு அனுப்பினார்.

ஓடிவந்த மாமனாரை மறித்தேன். "மாமா, விசில் வச்சிருக்கீங்கல்ல, ஊதுங்க."

"ஓடறவன் விசில் ஊதக்கூடாது. அது முறையில்ல" என்றவர், ஒரு கணம் யோசித்து, பையிலிருந்து எடுத்து என் கையில் போட்டுவிட்டு ஓடினார்.

மூச்சை இழுத்து நீளமாக ஊதினேன். கூட்டம் அப்படியே நின்றது. மூன்றாம் கவுன்ட்டர்காரர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சமிக்ஞை வந்தாச்சு" என்று முத்திரை குத்தினார். நாலாவதும் குத்தியது. தையல்காரர் தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். மாமனார் தோளில் கை போட்டு அழைத்துப் போனேன். வாசல் கதவு திறந்திருந்தது. கொல்லை முழுக்க வெள்ளை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன.

மறுநாள் விசாரணை. குற்றச்சாட்டு இரண்டு. கையேட்டை மெலியவைத்தது ஒன்று. அனுமதியின்றி முடித்தது இன்னொன்று.

இயக்குநர் வருத்தத்தோடு பேசினார். "தண்ணி வந்துச்சுங்கறாங்க. வரட்டும். ஆனா எந்த அதிகாரத்துல வந்துச்சு? முறையில்லாம வர்ற தண்ணிய விட, முறையா வராத தண்ணி மேல். உங்கள வேலைய விட்டு அனுப்பலாம். ஆனா நம்ம துறையில எதையும் அழிக்கறதில்ல." கை நெஞ்சுக்குப் போனது. "அதனால உங்கள விளக்கமா மாத்திடறோம்."

அதாவது நான் இருப்பேன், வேலை செய்யமாட்டேன். மாடி நடைவழியின் தொடக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். அதற்கு முன்னால் ஒரு பலகை மாட்டினார்கள்: "இங்கிருந்து விளக்கம்." யாராவது கேட்டால் விளக்கம் சொல்ல வேண்டும். நாற்காலிக்கு அந்தப் பக்கம் மாட்ட வேண்டிய "விளக்கம் முற்றும்" பலகைக்கான விண்ணப்பம், வழக்கம்போல முடிவுக் குழுவுக்குப் போனது.

முதலில் கவனித்தவர் டீ கொண்டுவரும் அக்காதான். தட்டோடு என் நாற்காலி அருகில் வந்து நின்று பலகையைப் படித்தார்.

"தம்பி, இதுலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் விளக்கம்தானே? விளக்கத்துக்கு எதுக்கு டீ?" என்று திரும்பிப் போய்விட்டார். அடுத்து ஃபைல் கொண்டுவருகிறவர் திரும்பினார். அடுத்து தபால்காரர். எனக்கு அந்தப் பக்கம் இருந்தவை விளக்கப் பிரிவு, முடிவுக் குழு, கோடியில் இயக்குநர் அறை. இந்தப் பக்கம் கவுன்ட்டர்களும் கணினியும் வால்வுக்காரரும். தெருவெல்லாம் ஒழுங்காகத் தண்ணீர் வந்தது.

கொஞ்ச நாளில் இயக்குநரே நடைவழியில் நடந்து வந்தார். முகம் வாடியிருந்தது.

"என்னய்யா இது, எனக்கு ஒரு ஃபைலும் வரல. டீகூட வரல."

"நீங்க இப்ப விளக்கத்துல இருக்கீங்க சார்."

"அந்தப் பலகைய எடு."

"எடுக்கலாம் சார். ஆனா நம்ம துறையில..." என்று நெஞ்சில் கை வைத்தேன்.

அவர் பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "சரி, அப்ப முடிவுப் பலகைய என் அறைக்கு முன்னாடி மாட்டு. நான்தானே குழுத் தலைவர், கையெழுத்துப் போடறேன்."

"விளக்கத்துல இருக்கறவங்க கையெழுத்து செல்லாதே சார். அது இருக்கும், வேலை செய்யாது."

நடைவழியின் கோடிவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். குழு அறையிலிருந்து ஸ்வெட்டரின் கை கதவுக்கு வெளியே வந்து தரையில் கிடந்தது.

"இது எப்பய்யா முடியும்?" என்று கேட்டார். குரலில் அதிகாரம் போய், கவுன்ட்டரில் நிற்கிற ஆளின் குரலாகியிருந்தது.

வராந்தாவில் சேர்த்து வைத்திருந்த நாற்காலிகளில் மூன்று கால் உள்ளதாக ஒன்றைப் பார்த்து இழுத்து வந்து, சுவரில் சாய்த்து, பக்கத்தில் போட்டேன்.

"உக்காருங்க சார், சொல்றேன். முதல்ல மூணாம் கவுன்ட்டருக்குப் போகணும்."